கடலை விளையும் நாட்டில் பிண்ணாக்குத் தின்ற பிள்ளைகள்

சூடானைப் பற்றிப் பேச்செடுத்தாலே யாராவது ஒருவர், "ஆப்பிரிக்காவில் பஞ்சம் எப்பவும் உள்ளதுதானே" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். எனக்குக் கோபமாக வருகிறது. அந்த நாட்டின் மேற்கே, வடக்கு டார்ஃபூர் மாநிலத்து எல் ஃபாஷர் நகரில் குழந்தைகள் பட்டினி கிடந்தது வானம் பொய்த்ததால் இல்லை. துப்பாக்கியோடு சிலர் சாலையை மறித்து நின்றதால்.

2023 ஏப்ரல் 15 அன்று சூடான் ராணுவத்துக்கும் ஆர்.எஸ்.எஃப். என்ற துணைப் படைக்கும் போர் மூண்டது. 2024 மே மாதம் ஆர்.எஸ்.எஃப். எல் ஃபாஷரை முற்றுகையிட்டது. 2025 அக்டோபர் 26 அன்று நகரம் அவர்கள் கையில் விழும்வரை, ஏறக்குறைய ஒன்றரை வருடம், அந்தப் பிடி தளரவே இல்லை. போதாததற்கு ஊரைச் சுற்றி மண்கரை வேறு எழுப்பினார்கள். யேல் பல்கலைக்கழகக் குழு ஒன்று செயற்கைக்கோள் படங்களை வைத்து அளந்தபோது, 2025 ஆகஸ்டிலேயே அந்தக் கரையின் நீளம் 31 கிலோமீட்டர்.

உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அம்பாஸ் தின்றார்கள். அம்பாஸ் என்றால் நம்ம ஊர்க் கடலைப் பிண்ணாக்கு. எண்ணெய் ஆட்டியபின் மிஞ்சும் சக்கை, மாட்டுக்கு ஊறவைத்துக் கொடுப்பது. அதைத்தான் வேகவைத்துப் பிள்ளைகளுக்கு ஊட்டினார்கள்.

இதில் என்னால் தாங்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. உலகில் நிலக்கடலை அதிகம் விளையும் நாடுகளில் சூடானும் ஒன்று. மெலிந்து சாகக் கிடக்கும் குழந்தையை மீட்க உலகம் முழுக்கக் கொடுக்கும் மருத்துவ உணவும் கடலை விழுதுதான். கடலை, பால்பவுடர், சர்க்கரை, எண்ணெய், சத்துகள், அவ்வளவுதான். 92 கிராம் பொட்டலம் ஒன்றில் 500 கலோரி. சமைக்க வேண்டாம், தண்ணீர் கலக்க வேண்டாம். குழந்தையின் புஜத்தில் நாடாவைச் சுற்றி அளக்கிறார்கள். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் உயிருக்கு ஆபத்து. வேறு சிக்கல் இல்லாத குழந்தைக்கு இந்தப் பொட்டலங்களை ஆறிலிருந்து எட்டு வாரம் வீட்டிலேயே கொடுத்தால் போதும், பெரும்பாலும் தேறிவிடும்.

சிக்கல் வந்துவிட்டால் கதையே வேறு. பசி முற்றிய குழந்தைக்குப் பசியே எடுக்காது. பாவம் என்று வயிறு நிறைய ஊட்டினால் உடம்பின் உப்புகள் தாறுமாறாகி இதயமே நின்றுபோகலாம். அதனால் ஆஸ்பத்திரியில் வைத்து, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியிலும், கொஞ்சம் கொஞ்சமாகப் பால் புகட்ட வேண்டும். தொற்றுக்கு மருந்து வேண்டும். பக்கத்தில் ஒரு நர்ஸ் வேண்டும். குண்டு விழும் ஊரில் யார் உட்கார்ந்து இதைச் செய்வது? எல்லையில்லா மருத்துவர்கள் அமைப்பே 2025 பிப்ரவரியில், வீடிழந்து வந்தவர்கள் தங்கியிருந்த ஜம்ஜம் முகாமில் வேலையை நிறுத்த வேண்டி வந்தது. எல் ஃபாஷருக்குத் தெற்கே இருந்த அந்த முகாமில்தான் 2024 ஆகஸ்டில் பஞ்சம் உறுதிசெய்யப்பட்டது. அடுத்த ஏப்ரலில் ஆர்.எஸ்.எஃப். முகாமையே சூறையாடியது. லட்சக்கணக்கானோர் மறுபடி ஓடினார்கள்.

ராணுவத்தின் கையும் சுத்தமில்லை. சாட் நாட்டிலிருந்து டார்ஃபூருக்கு உணவு வரும் அட்ரே எல்லையை 2024 பிப்ரவரியில் மூடியது ராணுவத் தரப்பு அரசுதான். ஆகஸ்டில்தான் திறந்தார்கள். அந்த ஆறு மாதத்தில் ஒரு கைக்குழந்தை என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியாதா? பஞ்சம் என்று அறிவித்ததையும் அதே அரசு மறுத்தது.

2025 ஜூன் ஆரம்பத்தில், செங்கடல் துறைமுக நகரமான போர்ட் சூடானிலிருந்து 1,800 கிலோமீட்டர் கடந்து 15 லாரிகளில் ஐ.நா. உணவு வந்தது. எல் ஃபாஷருக்கு இன்னும் 80 கிலோமீட்டர்தான் பாக்கி. அல் கோமா என்ற ஊரில் அந்த லாரிகள் தாக்கப்பட்டன. ஐந்து பேர் செத்தார்கள். நீதான் அடித்தாய் என்று இரு தரப்பும் ஒன்றையொன்று கைகாட்டின.

இத்தனைக்கும் நடுவில் அந்த நாட்டில் அடுப்பை அணையவிடாமல் பார்த்துக்கொண்டவர்கள் அக்கம்பக்கத்து இளைஞர்கள். அவசர உதவி அறைகள் என்ற பெயரில் தெருவுக்குத் தெரு பொதுச் சமையலறை நடத்தினார்கள். இரு படைகளும் அவர்களைப் பிடித்து அடைத்தன. அப்புறம் 2025 தொடக்கத்தில் அமெரிக்கா உதவிப் பணத்தை நிறுத்தியது, நூற்றுக்கணக்கான சமையலறைகள் மூடப்பட்டன. எங்கோ போட்ட ஒரு கையெழுத்து அந்தப் பிள்ளைகளின் தட்டில் இருந்ததையும் எடுத்துவிட்டது.

பட்டினியைப் போர் ஆயுதமாக்குவதை ஐ.நா. பாதுகாப்பு அவை 2018-லேயே 2417-ஆம் தீர்மானத்தில் கண்டித்தது. எல் ஃபாஷர் முற்றுகையை நிறுத்தச் சொல்லி 2024 ஜூனில் தனியாக இன்னொரு தீர்மானம். டார்ஃபூருக்கு ஆயுதம் அனுப்பக் கூடாது என்ற தடை 2004-லிருந்தே இருக்கிறது. அதையும் மீறி ஆயுதம் போய்க்கொண்டே இருந்தது. ஆர்.எஸ்.எஃப்.-க்கு ஐக்கிய அரபு அமீரகம்தான் கொடுக்கிறது என்ற குற்றச்சாட்டை அந்த நாடு மறுக்கிறது. ஆனால் அங்கிருந்து மறு ஏற்றுமதியான சீன ஆயுதங்களை டார்ஃபூரில் அடையாளம் கண்டதாக 2025-ல் அம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பு ஆதாரத்தோடு சொன்னது.

இனி யாராவது "ஆப்பிரிக்கா அப்படித்தான்" என்றால் தயவுசெய்து சும்மா விடாதீர்கள். சாலையை யார் மறித்தது, எல்லையை யார் மூடியது, துப்பாக்கி எந்த ஊரிலிருந்து வந்தது என்று திருப்பிக் கேளுங்கள்.