சப்போர்ட் வேலைக்கு எண்பதாயிரம் கட்டுவதற்கு முன்னால்

காலேஜ் ரிசல்ட் வந்த வாரத்திலிருந்து இன்பாக்ஸில் திரும்பத் திரும்ப இதே கேள்விதான். "தம்பி, பையன் பிசிஏ முடிச்சிட்டான். ஹார்டுவேர், நெட்வொர்க்கிங், கிளவுடு, சைபர் செக்யூரிட்டி எல்லாம் சேர்த்து எண்பதாயிரம் சொல்றாங்க. வேலை கேரண்டியாம். கட்டலாமா?"

கட்டாதீங்க. இப்போதைக்கு வேண்டாம். தனித்தனியாக எல்லோருக்கும் எழுத முடியவில்லை, அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நான் ஐடி சப்போர்ட்காரன். ராணிப்பேட்டையில் ஒரு ஃபேக்டரியில் ஆரம்பித்து, பெங்களூரு போய், இப்போது வேலூரில் வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனியின் ஹெல்ப்டெஸ்க் டீமைப் பார்த்துக்கொள்கிறேன். புதிதாக ஆள் எடுக்கும்போது எதிர் நாற்காலியில் உட்காருகிறவர்களில் நானும் ஒருவன்.

நம் வீடுகளில் முதலில் கோர்ஸில் சேர்க்கிறோம், அப்புறம் சர்டிபிகேட், அப்புறம் வேலை தேடுதல். அது என்ன வேலை என்று பையனுக்குக் கடைசியில்தான் தெரிகிறது. மண்டபம் பிடித்துவிட்டு மாப்பிள்ளை தேடுகிற கதை. கிளவுடு, சைபர் செக்யூரிட்டி என்ற பெயரெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் வேலை எல்1, அதாவது முதல் நிலை ஹெல்ப்டெஸ்க்தான். பாஸ்வேர்டு ரீசெட், அவுட்லுக் திறக்கவில்லை, விபிஎன் கனெக்ட் ஆகவில்லை, பிரிண்டரில் பேப்பர் வரவில்லை. போன் எடுக்கணும், புகாரை டிக்கெட்டாகப் பதிவு போடணும், முடிந்தால் முடிக்கணும், முடியாவிட்டால் அடுத்த நிலையான எல்2-க்கு அனுப்பணும். இதைக் கேட்டதும் பாதிப் பேருக்கு முகம் சுருங்கிவிடும். விஐடி இருக்கிற ஊராச்சே, கம்ப்யூட்டர் வேலை என்றால் கோடிங்தான். சப்போர்ட் என்றால் சம்பந்தி வீட்டில் சொல்லிக்கொள்ள முடியாத வேலை.

ஆனால் இந்த வேலையைக் கற்றுக்கொள்ள நம்ம பக்கம் மாதிரி இடம் குறைவு. 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு ஐடா ஸ்கடர் தொடங்கிய சிஎம்சி இன்று எவ்வளவு பெரிசு என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் பில் கவுன்டர் நெட்வொர்க் பத்து நிமிஷம் போனால் வரிசை வாசல் வரை நிற்கும். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டில் ஷூ, தோல் ஏற்றுமதி ஆபீஸ்கள். ராணிப்பேட்டையில் பெல், சிப்காட். தெருவுக்கு ஒரு ஆடிட்டர், ஊருக்கு நாலு மெட்ரிக் பள்ளி. இங்கெல்லாம் சிஸ்டம் படுத்தால் எழுப்ப ஒரு ஆள் வேண்டும். சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது, அது உண்மை. ஆனால் சுத்தமான லேபில் ஒருநாளும் பார்க்க முடியாத கோளாறெல்லாம் இங்கே தினமும் வரும்.

ஒன்று சொல்கிறேன். தெரிந்த ஆடிட்டர் ஆபீஸ், மாசம் 20-ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர் 3பி என்கிற மாத ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடக் கடைசி நாள். ஒரே ஒரு சிஸ்டத்தில் மட்டும் ஜிஎஸ்டி தளம் திறக்கவில்லை, 'பாதுகாப்பான இணைப்பு இல்லை' என்று வருகிறது. அவர்கள் கூப்பிட்டிருந்த பையன் கோர்ஸ் முடித்தவன். பிரௌசரை எடுத்துவிட்டு மறுபடி போட்டான். மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினான். நெட் கம்பெனிக்குப் போன் போட்டுச் சண்டையும் பிடித்தான். டைப் அடிக்கிற அக்கா ஓரமாக நின்று, "காலைல கரண்ட் போய் வந்ததுலருந்துதாம்பா இப்டி கீது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் காதில் வாங்கவில்லை. திரையின் வலது கீழ் மூலையில் வருஷம் 2012 என்று இருந்தது.

விஷயம் அவ்வளவுதான். மதர்போர்டில் இருக்கிற நாணயம் சைஸ் பேட்டரி, சிஆர் 2032, செத்துப்போயிருந்தது. கரண்ட் இருக்கும்வரை தெரியாது. போனதும் கடிகாரம் பழைய தேதிக்கு ஓடிவிடும். தளத்தின் பாதுகாப்புச் சான்று இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை என்று இருக்கும். சிஸ்டம் 2012-ல் இருந்தால் அந்தச் சான்று இன்னும் பிறக்கவே இல்லை, பிரௌசர் கதவைச் சாத்திவிடும். தேதியைச் சரி பண்ணினதும் தளம் திறந்தது. பேட்டரி நூறு ரூபாய்கூட ஆகாது.

அந்தப் பையனுக்கு இது தெரியாததில்லை. சிமாஸ் பேட்டரி என்கிற அந்த நாணய பேட்டரியும் சிலபஸில் உண்டு, செக்யூரிட்டி சர்டிபிகேட்டும் உண்டு. காம்ப்டியா என்ற அமைப்பு நடத்துகிற ஏ பிளஸ் என்ற ஆரம்ப நிலை சர்டிபிகேட் பாடத்தில் கோளாறு பார்க்கும் முறை என்று ஆறு படி சொல்வார்கள். முதல் படியிலேயே பயன்படுத்துகிறவரிடம் விசாரி என்று இருக்கிறது. கடைசிப் படி, செய்ததை எழுதி வை. நடுவில் இருக்கும் நாலையும் எல்லோரும் படிக்கிறார்கள்.

அதற்காகச் சர்டிபிகேட்டே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ரெஸ்யூமே குவியலில் மேலே வர அது உதவும், அதுவும் ஆர்ட்ஸ் காலேஜ், ஐடிஐ பிள்ளைகளுக்கு நிச்சயம் உதவும். எது, எப்போது என்பதில்தான் என் சண்டை. ஏ பிளஸ் ஆரம்பத்துக்குச் சரியானது. இரண்டு தேர்வு, ஒவ்வொன்றும் 90 நிமிஷம், அதிகபட்சம் 90 கேள்வி, மூன்று வருஷம் செல்லும். சிஸ்கோ கம்பெனியின் நெட்வொர்க் சர்டிபிகேட்டான சிசிஎன்ஏ நல்ல தேர்வு, கஷ்டமான தேர்வும்கூட. 300 டாலர், வரி தனி. நெட்வொர்க் பக்கம் போகப்போகிறேன் என்று தெரிந்த பிறகு எழுதலாம், ஹெல்ப்டெஸ்க்கில் உட்கார அது தேவையில்லை. ஐடி சேவையை நடத்தும் முறை பற்றிய ஐடிஐஎல் பவுண்டேஷன் 40 கேள்வி, 26 சரியாக இருந்தால் பாஸ். வேலைக்குச் சேர்ந்தபின் பல கம்பெனிகள் அவர்களே எழுத வைப்பார்கள், கைக்காசு போட வேண்டாம். இன்னும் போர்டில் மைக்ரோசாஃப்ட்டின் பழைய சர்டிபிகேட்டான எம்சிஎஸ்இ என்று எழுதி வைத்திருக்கிற இடங்கள் இருக்கின்றன. அதை 2021 ஜனவரியிலேயே மூடிவிட்டார்கள்.

எண்பதாயிரத்தில் ஒரு பங்கை எடுத்து ஒரு பழைய டெஸ்க்டாப் வாங்கிக் கொடுங்கள். 8 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி இருந்தால் போதும். அவனே கழற்றட்டும், மாட்டட்டும், விண்டோஸ் போடட்டும், கெடுக்கட்டும், மறுபடி போடட்டும். ஒரு கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொன்றை ஓட்டிப் பழகுகிற விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். விண்டோஸ் சர்வர் 180 நாள் சோதனைப் பதிப்பு மைக்ரோசாஃப்ட்டே தருகிறது; ஆபீஸ் யூசர் கணக்குகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கிற ஆக்டிவ் டைரக்டரி போட்டு யூசர் உருவாக்கி, அக்கவுன்ட்டை லாக் பண்ணி, திறந்து பழக அது தாராளம். நெட்வொர்க்கைத் திரையிலேயே கட்டிப் பழக சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர், அதுவும் இலவசம். கோர்ஸ் மாதிரி வரிசையாக வேண்டுமென்றால் கோர்செரா என்ற ஆன்லைன் படிப்புத் தளத்தில் கூகுளின் ஐடி சப்போர்ட் சர்டிபிகேட் 2018-லிருந்து இருக்கிறது. பத்தாவது முடித்தவர்களுக்கு ஐடிஐயில் கோபா என்கிற கம்ப்யூட்டர் ஆபரேட்டர் டிரேடு ஒரு வருஷம். டிப்ளமோ, டிகிரி முடித்தவர்கள் மத்திய அரசின் நாட்ஸ் தளத்தில் அப்ரன்டிஸ் இடம் தேடலாம், உதவித்தொகையும் உண்டு. கூடவே பக்கத்து சர்வீஸ் கடையிலோ பள்ளியிலோ கைவேலைக்கு நிற்கட்டும்.

இன்டர்வியூவில் நான் எப்போதும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு, ரகசியமில்லை. "யூசர் நெட் வரவில்லை என்கிறார். ஐபி 169.254-இல் ஆரம்பிக்கிறது. என்ன பண்ணுவீங்க?" (அப்படி ஆரம்பித்தால், ஐபி முகவரி கொடுக்கிற டிஹெச்சிபியிடமிருந்து அந்த சிஸ்டத்துக்கு முகவரி கிடைக்கவில்லை என்று அர்த்தம்.) சிசிஎன்ஏ வைத்திருந்த ஒரு தம்பி நெட்வொர்க் பாடத்தில் வருகிற ஓஎஸ்ஐ ஏழு லேயரையும் மளமளவென்று ஒப்பித்தான். கேள்வியை மட்டும் தொடவில்லை. குடியாத்தத்தில் பிரௌசிங் சென்டரில் இருந்த ஒரு பெண், ஐடிஐ முடித்தவர், திருப்பிக் கேட்டார்: "பக்கத்து சீட்டுல நெட் வருதா சார்?" வருகிறது என்றேன். "அப்போ டிஹெச்சிபி ஓடுது. இவர் கேபிளு, சுவிட்ச் போர்ட்டப் பாக்கணும். லைட் எரியுதானு கேப்பேன்." அவரைத்தான் எடுத்தோம். ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் பேசினார். ஆனால் எழுதிக் காட்டச் சொன்ன டிக்கெட்டில் எப்போதிலிருந்து, யாருக்கெல்லாம், என்ன செய்து பார்த்தோம் என்ற மூன்றும் இருந்தது. ஆங்கிலம் பேசப் பேச வந்துவிடும். 'பிரிண்டர் நாட் ஒர்க்கிங்' என்று ஒரே வரியில் டிக்கெட் எழுதுகிற பழக்கம் லேசில் போகாது.

டம்ப்ஸ், அதாவது வெளியே கசிந்த தேர்வுக் கேள்வி-பதில்களை மனப்பாடம் பண்ணித் தேர்வு பாஸ் ஆகிறவர்கள் இந்த ஒரு கேள்வியில் மாட்டிக்கொள்வார்கள். அவர்களைப் பற்றி அதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

பெண் பிள்ளைகளின் அப்பாக்கள் நைட் ஷிஃப்ட் பற்றிக் கேட்கிறீர்கள். அமெரிக்க கிளையண்ட் என்றால் இருக்கும், மறைக்கவில்லை. ஆஸ்பத்திரி, காலேஜ், ஃபேக்டரி ஐடி டிபார்ட்மென்ட்டில் பெரும்பாலும் பகல் வேலை, சம்பளம் கொஞ்சம் கம்மி. வீட்டுச் சூழலைப் பார்த்து முடிவெடுங்கள். வேலைக்கு முன்பே டெபாசிட் கேட்கிற கன்சல்டன்சியில் மட்டும் ஆண் பிள்ளையோ பெண் பிள்ளையோ, எழுந்து வந்துவிடச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டோம் என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். ஏ பிளஸ் கோர்ஸ் என்றால் சிலபஸில் தேர்வு எண் என்ன என்று இன்றைக்கே பாருங்கள். 220-1101, 220-1102 என்று இருந்தால் அது 2025 செப்டம்பரோடு முடிந்துபோன தேர்வு. இப்போது நடப்பது 1201, 1202. பழையதையே நடத்திக்கொண்டிருந்தால் சிலபஸும் ரசீதும் கையோடு எடுத்துப் போய், மீதிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.