மிஷின் வரட்டும், மிச்சம் யாருக்கு?

"தேயிலைக் கொழுந்து எடுக்க ஆள் கிடைக்கவில்லை, அதனால்தான் மிஷின்." கேரளத்தின் இடுக்கி மலையில் மூணாறு, தேவிகுளம், வண்டிப்பெரியாறு, எந்தப் பக்கம் கேட்டாலும் எஸ்டேட் நிர்வாகம் சொல்வது இதுதான். பிள்ளைகள் திருப்பூருக்கும் எர்ணாகுளத்துக்கும் இறங்கிப் போகிறார்கள், உண்மை. ஏன் போகிறார்கள் என்பதற்கு மட்டும் பதில் வருவதில்லை.

2015 செப்டம்பரில் எங்கள் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுக்கிவிட்டு, மூணாறு ரோட்டில் உட்கார்ந்தபோது தினக்கூலி 232 ரூபாய். பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயர் அப்போதுதான் வெளியே தெரிந்தது. 500 ரூபாய் கேட்டார்கள். 301 ஆனது. அந்த ஒப்பந்தத்திலேயே ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய கொழுந்து 21 கிலோவிலிருந்து 25 கிலோவாகவும் ஏறியது. கூலி உயர்வைப் பத்திரிகைகள் பெரிதாகப் போட்டன. அந்த நாலு கிலோவைச் சுமந்தது எங்கள் அம்மாக்களின் தோள்.

மிஷின் விஷயத்திலும் நடப்பது இதேதான். கையால் கிள்ளினால் ஓர் அளவு, கத்தரி பிடித்தால் அதைவிட அதிகம், பெட்ரோல் மிஷின் வந்தால் இன்னும் அதிகம். கருவி மாறும்போதெல்லாம் கிலோ ஏறுகிறது, நாள்கூலி அதற்கேற்ப ஏறுவதில்லை. மிஷினைப் பிடிப்பது பெரும்பாலும் ஆண்கள். தலைமுறையாக இரண்டு இலை ஒரு மொட்டு என்று பார்த்துக் கிள்ளிய பெண்களின் கைத்திறமைக்கு அங்கே இடமே இல்லை. முற்றின இலையும் சேர்ந்து வந்து தூளின் தரம் குறைந்தாலும் பரவாயில்லை, கூலிச் செலவு குறைந்தால் போதும் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள்.

"யாரையும் வேலையை விட்டு நிறுத்தவில்லையே" என்பார்கள். ஆமாம், நிறுத்தவில்லை. ஓய்வு பெறுகிறவரின் இடத்தை அப்படியே காலியாக விடுகிறார்கள், அல்லது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் தற்காலிகமாக ஆள் கொண்டுவருகிறார்கள். 1947ஆம் வருடத் தொழில் தகராறு சட்டத்தின் 9ஏ பிரிவின்படி, ஆட்குறைப்பில் முடியக்கூடிய இயந்திரமயமாக்கலுக்கு 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டியிருந்தது. அந்தச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் அதை வைத்திருக்கிறது. ஆனால் ஓய்வு பெற்றவரின் இடத்தை நிரப்பாமல் விடுவதை ஆட்குறைப்பு என்று யார் சொல்லப்போகிறார்கள்? எங்களுக்கு வேலையோடு வீடும் போகிறது. நாங்கள் குடியிருக்கும் லயம், அதாவது வரிசை வீடு, எஸ்டேட்டுக்குச் சொந்தம். வீட்டில் ஒருவர் பெயராவது வேலைப் பதிவில் இருந்தால்தான் அதில் இருக்க முடியும். நாலு தலைமுறை உழைத்தும் ஒரு சென்ட் நிலம் இல்லாத குடும்பம், அம்மா ஓய்வு பெற்றதும் எங்கே போகும்?

நான் மிஷினுக்கு எதிரி இல்லை. ட்ரோன் மருந்து அடித்தால், முதுகில் டேங்க்கைக் கட்டிக்கொண்டு அந்த நெடியைச் சுவாசிக்கிறவரின் நெஞ்சு தப்பும். எலக்ட்ரானிக் தராசு வந்தால் எடுத்த கிலோவுக்கு உடனே கையில் சீட்டு கொடுக்கலாம், சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று இஷ்டத்துக்குக் கழிப்பது நிற்கும். கம்பெனிக்கு மிச்சம் பிடிக்கத் தெரிகிற தொழில்நுட்பத்துக்கு இது மட்டும் முடியாதா?

சங்கப் பொறுப்பில் இருக்கும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கூலியைப் பேசி முடிக்கும் தோட்டத் தொழிலாளர் குழுவின் (பி.எல்.சி.) பேச்சுவார்த்தைக்குப் போகும்போது கூலியை மட்டும் பேசாதீர்கள். எந்த டிவிஷனில் எத்தனை மிஷின், ஓய்வு பெற்றவர்களின் இடத்தில் எத்தனை இன்னும் காலி, அதனால் மிச்சமான கூலி எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். அதில் தொழிலாளியின் பங்கு என்ன என்பதை முடிவு செய்யாமல் கிலோவை ஏற்றும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.