ஒரே லேசரில் முடி போய்விடாது

"கோடைக்கு 2 வாரம் முன்னால் வாக்ஸ் செய்துவிட்டு ஒரு லேசர், அப்புறம் ஜென்மத்துக்கும் முடி வராது" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். லேசர் பிடிப்பது முடியின் கருநிறமியை. வாக்ஸில் வேரோடு பிடுங்கிவிட்டால் அது எதைப் பிடிக்கும்? சுமார் 4 வாரம் முன்பே வாக்ஸை நிறுத்திவிட்டு, முந்தின நாள் ஷேவ் மட்டும் செய்துகொண்டு போகவேண்டும். அதிலும் வளரும் கட்டத்தில் இருக்கும் முடிதான் சிக்கும், மற்றது தூங்கிக்கொண்டிருக்கும். அதனால்தான் 4 முதல் 6 வார இடைவெளியில், பெரும்பாலும் 6 முதல் 8 முறை. கணக்குப் போட்டால் சுமார் 5 முதல் 10 மாதம். முடி வெகுவாகக் குறையும், அவ்வளவுதான். சில நாளில் கரும்புள்ளியாகத் தலைநீட்டுவது புது முடி இல்லை, கருகியது உதிர்வது (நானும் பயந்தேன்). வெயிலில் கறுத்த தோலில் லேசர் பட்டால் கொப்புளம் வரலாம். சரி, இந்தக் கோடைக்கு ஷேவ் போதும். வெயில் தணிந்ததும் லேசரைத் தொடங்குங்கள்.