தரிசுக்குப் பணமா?

"பயிர் செய்யாமல் இருக்க விவசாயிக்குச் சம்பளமா?" என்று நான் படித்த ஒரு கட்டுரை, நிலத்தை உழாமல் விடும் விவசாயிகளுக்கு அமெரிக்க அரசு பணம் தருவதைக் கேலி செய்கிறது. ஆனால் இதற்காக அங்கே 1985-இல் வந்த கன்சர்வேஷன் ரிசர்வ் என்ற நிலப் பாதுகாப்புத் திட்டம் சும்மா கொடுக்கும் காசு இல்லை. மண் அரிப்பு அதிகமுள்ள நிலத்தில் 10 முதல் 15 வருடம் புல்லோ மரமோ வளர்த்துப் பராமரிக்க வேண்டும். பாதியில் முறித்தால் வாங்கியதை வட்டியோடு திருப்ப வேண்டும்.

எனக்கு உறுத்துவது வேறு. பணம் பெரும்பாலும் நிலத்துக்காரருக்குத்தான். குத்தகைக்காரர் வேறு வயல் தேட வேண்டியதுதான். அப்புறம், உழவு நின்றால் விதைக்கடை, உரக்கடை, தானியக் கிடங்கு எல்லாம் படுத்துவிடும். அதனால்தான் ஒரு கவுண்டியின் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) பயிர் நிலத்தில் பொதுவாக 25 சதவீதத்துக்கு மேல் இந்தத் திட்டத்தில் சேர்க்கக் கூடாது என்று சட்டத்திலேயே வைத்திருக்கிறார்கள். கட்டுரையில் அந்த விதியைக் காணோமே!