உலக முடிவோடு நின்றுவிட்டீர்களே

இலங்கை மலைநாட்டிலுள்ள ஹோட்டன் சமவெளியைப் பற்றிய இந்தக் கட்டுரை ‘உலக முடிவு’ என்னும் செங்குத்துப் பாறை, பேக்கர் அருவி இரண்டோடு முடிந்துவிட்டது வருத்தமாக இருக்கிறது. மலைநாட்டில் பிறந்தவன் என்பதால் சொல்கிறேன்: அந்தப் பாதையின் ஓரத்தில் பாசி படர்ந்து நிற்கும் குட்டை மரங்கள்தான் உண்மையான அதிசயம். மூக்கில் கொம்பு முளைத்த ஓணான் அங்கேதான் வாழ்கிறது. இலங்கையின் மலைநாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் அது கிடையாது. கிளையோடு கிளையாக அசையாமல் இருக்கும். அவசரமாக நடப்பவர் கண்ணில் படாது. பல காலம் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட மலைத் தேவாங்கின் புகைப்படம் 2010இல் வெளிவந்ததும் இங்கிருந்துதான்.

மகாவலி, களனி, வளவை மூன்று ஆறுகளுக்கும் இந்தக் காடு நீர் கொடுக்கிறது. மூடுபனியை இலைகளில் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மண்ணில் இறக்குவது இந்த மரங்களே. அவை பல இடங்களில் நின்றபடியே காய்ந்து சாகின்றன. வெள்ளைக்காரர் காலத்தில் வந்த மஞ்சள் பூ முட்புதரோ புல்வெளியை விழுங்குகிறது. அடுத்த கட்டுரையில் அந்தக் காய்ந்த மரங்களைப் பற்றி விரிவாக எழுதுங்கள்.