தட்டினேன் ஐயா, தட்டினேன்!

"ஈர்ப்பு திருப்ப தட்டு."

என் போனில் இருக்கிற ஒரு விளையாட்டில் 211 தடவை செத்த பிறகு, ஏழாவது லெவலில் 96 சதவீதம் வரை போய்ச் செத்த பிறகு, திரை நடுவில் ஒரு மஞ்சள் பெட்டி எழும்பி, பக்கத்தில் பல்பு படம் ஒன்றைப் போட்டு, "உதவிக் குறிப்பு" என்று தலைப்பும் வைத்து இதைச் சொல்கிறது. ஈர்ப்பு திருப்ப தட்டு. அப்படியா சாமி! மூன்று வாரமாக நான் என்ன செய்துகொண்டிருந்தேன், திரையில் கோலமா போட்டேன்? தோசையைக் கருக விட்டுக் கண்ணீர் வழிய நிற்கிறவரிடம் வந்து "தோசை சுட அடுப்பு பற்றவை" என்று சொன்னால் கரண்டி எங்கே போகும்?

அதிலும் "தட்டு" என்கிறது பாருங்கள், தட்டுங்கள்கூட இல்லை. எனக்கு 43 வயது. கும்பகோணத்தில் பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறேன், எங்கள் முதலாளி கோபத்தில் கத்தும்போதுகூட "என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க" என்றுதான் கத்துவார். மெஷின் மொழிபெயர்ப்பு போட்ட ஒரு விளையாட்டு என்னை வாடா போடா என்கிறது. முதல் நாள் அதைப் பார்த்தபோது சாப்பாட்டுத் தட்டு என்று நினைத்துவிட்டேன், அது தனிக்கதை.

இந்த வகை விளையாட்டைத் தெரியாதவர் இனி யார் இருக்கிறார்கள். ஹெல்மெட் போட்ட ஒரு குட்டி ஆள் தானாகவே ஓடுவான், நிறுத்த முடியாது. தட்டினால் கூரைக்கு விழுவான், மறுபடி தட்டினால் தரைக்கு விழுவான். தாவல் கிடையாது, குனிதல் கிடையாது, துப்பாக்கி கிடையாது. ஒரே ஒரு விரல், ஒரே ஒரு வேலை. அவ்வளவு சுலபமாகச் சொல்லித்தான் என் அக்கா மகன் இதை என் போனில் ஏற்றினான். ஏழாம் வகுப்பு படிக்கிறான். இடது கையால் முறுக்கு தின்றுகொண்டே பத்தாவது லெவலை முடித்துவிட்டு, "இது சின்னப் பசங்களுக்கு மாமா, நீங்க முயற்சி பண்ணிப் பாருங்க" என்றான். அந்த வாக்கியத்தில் எனக்கு எத்தனை அவமானம் என்று இன்னும் எண்ணி முடிக்கவில்லை.

அவன் சொல்லிக்கொடுத்த வித்தைகளும் உண்டு, மறைக்கவில்லை. "ஆளைப் பாக்காதீங்க மாமா, ஸ்கிரீனோட வலது ஓரத்தப் பாருங்க, என்ன வருதுன்னு தெரியும்." சரி. "விரலைத் தூக்கித் தூக்கி அடிக்காதீங்க, கண்ணாடிக்கு மேலயே ஒட்டுன மாதிரி வச்சுக்குங்க." சரி. "பாட்டைக் கேளுங்க, தாளத்துக்குத் தட்டுனா போதும்." இதில்தான் இடிக்கிறது. நான் விளையாடுவது கும்பகோணத்திலிருந்து மன்னார்குடிக்கு வரும் பேருந்தில். ஓட்டுநர் தலைக்கு மேல் இருக்கிற பெட்டியில் ஒரு சோகப் பாட்டு ஓடும்போது என் ஆள் எந்தத் தாளத்துக்குச் சாவான்? அந்தப் பாட்டின் தாளத்துக்குத் தட்டிப் பார்த்தேன். நிதானமாக, உணர்ச்சிபூர்வமாகச் செத்தான்.

கடைசி வித்தைதான் முக்கியம். "காலு தரையிலயோ கூரையிலயோ படுற வரைக்கும் தட்டாதீங்க மாமா. நடுக்காத்துல தட்டுனா கேமு எடுத்துக்காது." இந்த விதியை எவன் கண்டுபிடித்தானோ. கொஞ்சம் பிந்தித் தட்டினால் முள்ளில் குத்திச் சாவான், அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். கொஞ்சம் முந்தித் தட்டினால்? தட்டவே இல்லை என்று கணக்கு. மனிதக் கண் ஒன்றைப் பார்த்து விரல் அசைவதற்குக் கால் விநாடிக்குக் கொஞ்சம் குறைவாக ஆகிறது. திரையோ விநாடிக்கு 60 ஃபிரேம் (தனித்தனிப் படம்) ஓடுகிறது. அதாவது முள்ளை நான் "பார்த்து", என் விரல் "கேள்விப்படுவதற்குள்" பன்னிரண்டு பதினைந்து ஃபிரேம் போய்விடும். ஆகவே பார்த்துத் தட்டுவது என்பதே பொய், முன்கூட்டியே தட்டித்தான் ஆகவேண்டும். முன்கூட்டித் தட்டினால் எடுத்துக்கொள்ளாது. கடைக்கு முன்னாலும் வரக்கூடாது, பின்னாலும் வரக்கூடாது, ஷட்டர் திறக்கிற நொடியில் வாசலில் முளைக்க வேண்டும் என்று சொல்கிற மாதிரி. நல்ல விளையாட்டுகளில் இரண்டு மூன்று ஃபிரேம் முந்தித் தட்டியதை ஞாபகம் வைத்திருந்து, கால் பட்டதும் நிறைவேற்றி வைப்பார்கள். இங்கே அந்த மரியாதை எல்லாம் கிடையாது.

நான் ஒன்றும் விவரம் தெரியாமல் புலம்பவில்லை. 2010-இல் டெர்ரி கேவனா என்பவர் இதே ஈர்ப்பு திருப்பும் விளையாட்டு ஒன்றைச் செய்தார். ஆங்கில 'வி' எழுத்தை ஆறு தடவை போட்டால் அதுதான் பெயர், முள் மாதிரியே இருக்கும். அதிலும் தாவல் கிடையாது. ஒரு இடத்தில் முழங்கால் உயரத்தில் ஒரு கட்டை, அதற்கு அந்தப் பக்கம் ஒரு மின்னுகிற பொருள். தாவத் தெரியாததால் முள்ளுக்கு நடுவே அறை அறையாக மேலே விழுந்து, திரும்ப அத்தனை அறையும் கீழே விழுந்து, கட்டைக்கு அந்தப் பக்கம் இறங்க வேண்டும். எதிர்வீட்டுக்குப் போக வேதாரண்யம் சுற்றி வருகிற கதைதான். ஆனால் அதில் செத்தால் அடுத்த கணமே பக்கத்திலேயே எழுந்து நிற்பீர்கள். உயிர்க் கணக்கு இல்லை, உபதேசம் இல்லை. அந்த ஆள் கொல்வார், கேலி செய்ய மாட்டார். என் போனில் இருப்பதோ செத்தால் முதலிலிருந்து, இல்லாவிட்டால் 30 விநாடி விளம்பரம் பார்த்தால் ஒரு உயிர்.

சரி, அந்த 96 சதவீதத்துக்கு வருகிறேன். இதை யாரிடமாவது முழுசாகச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

கடைசி இருக்கை. அதுவும் ஓரத்தில் இல்லை, நடுவில், முன்னால் பிடிக்க ஒன்றுமே இல்லாத இடம். பக்கத்தில் மடியில் கத்தரிக்காய்ப் பையோடு ஒரு அம்மா. வலங்கைமான் தாண்டியாகிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே வாய்க்காலில் தண்ணீர் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. மேட்டூரில் ஜூன் 12 திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணை, அங்கிருந்து காவிரி, வெண்ணாறு என்று பிரிந்து பள்ளம் பார்த்தே போகும், ஒருத்தரும் அதற்கு எதையும் தட்ட வேண்டாம். இந்த ஊரே மேலிருந்து கீழே விழுகிற ஒன்றை நம்பித்தான் சோறு தின்கிறது. அப்படிப்பட்ட மண்ணில் பிறந்துவிட்டு ஈர்ப்பைத் திருப்புகிறேன் என்று உட்கார்ந்தேனே, என்னைச் சொல்ல வேண்டும். அக்கா வீட்டு டிவி மேல் தஞ்சாவூர்ப் பொம்மை ஒன்று இருக்கிறது. அடியில் கனம், எப்படித் தள்ளினாலும் ஆடி ஆடி நிமிர்ந்து உட்காரும். அந்த மண் பொம்மைக்கு இருக்கிற புத்தி என் ஹெல்மெட்டுக்காரனுக்கு இல்லை.

80 சதவீதம் தாண்டியாகிவிட்டது. 88. என் வாழ்நாளில் 91-ஐ நான் பார்த்ததே இல்லை, பார்த்தேன். உள்ளங்கை வியர்க்கிறது, சட்டையில் துடைக்க நேரமில்லை. 94-இல் அந்த மூன்று படிக்கட்டு வருகிறது. தரையிலிருந்து கூரை, கூரையிலிருந்து அந்தரத்தில் ஒற்றைக் கட்டம் அகலத்தில் ஒரு திட்டு, அதில் கால் பட்டதும் மறுபடி கூரை. முதல் தட்டு சரி. இரண்டாவது தட்டு சரி. ஆள் திட்டை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறான். விரல் கண்ணாடி மேல் ஒட்டினாற்போல் தயாராக. கண் வலது ஓரத்தில். மருமகன் பார்த்திருந்தால் காலில் விழுந்திருப்பான்.

வேகத்தடை.

வெள்ளைக் கோடு இல்லாத, முன்னறிவிப்புப் பலகை இல்லாத, யாரோ மிச்சமான தாரைக் கொட்டிவிட்டுப் போன மாதிரி ஒரு வேகத்தடை. முன் சக்கரம் ஏறியது எனக்குத் தெரியவில்லை, பின் சக்கரம் ஏறியது முதுகெலும்புக்குத் தெரிந்தது. கடைசி இருக்கைக்காரன் எழும்பினேன். அரை அடி இருக்கும். கணக்கு எழுதுகிறவன் புத்தி, அப்புறம் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்: அரை அடி எழும்பி இறங்க மூன்றில் ஒரு பங்கு விநாடி ஆகிறது, விளையாட்டுக் கணக்கில் இருபது ஃபிரேம். இருபது ஃபிரேம் நான் அந்தரத்தில் இருந்தேன். கத்தரிக்காயும் இருந்தது. மூன்று வாரமாக எந்த ஈர்ப்பைத் திருப்ப முயன்றேனோ அது எனக்குத் திரும்பிவிட்டது, அவனுக்குத் திரும்பவில்லை.

அந்த இருபது ஃபிரேமுக்குள் நான் தட்டினேன். தட்டினேன் ஐயா! ஆனால் குலுங்கியதில் விரல் ஒரு இமைப்பொழுது முந்திக்கொண்டது, அவன் கால் திட்டைத் தொட இன்னும் ஒரு மயிரிழை பாக்கி. எடுத்துக்கொள்ளவில்லை. நான் தொப்பென்று இருக்கையில் விழுந்தேன், விழுந்த வேகத்தில் கட்டை விரல் தானாகவே இன்னொரு முறை கண்ணாடியில் இடித்தது. அதற்குள் அவன் திட்டைத் தாண்டிக் கீழ்த்தரையில் பத்திரமாக இறங்கியிருந்தான். கேளுங்கள், பத்திரமாக! கீழே முள் இல்லை. அப்படியே விட்டிருந்தால் ஓடிப் போயிருப்பான். ஆனால் அந்தத் தட்டை எடுத்துக்கொண்டது. நான் கேட்டதைக் கொடுக்கவில்லை, கேட்காததைக் கொடுத்தது. நேராகக் கூரை, கூரை முழுக்க முள்.

"ஐயோ, போயிட்டானே!"

இது நான்தான். இவ்வளவு சத்தமாகக் கத்துவேன் என்று எனக்கே தெரியாது. சோகப் பாட்டு வேறு சரியாக அந்த இடத்தில் முடிந்து, பேருந்தே கப்சிப். முப்பது தலைகள் திரும்பின. பக்கத்து அம்மா கத்தரிக்காய் பொறுக்குவதை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாரு தம்பி? போன்ல சேதி வந்துச்சா?"

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் எடுத்தேன். ஆனால் 43 வயதில், ஹெல்மெட் போட்ட பொம்மை செத்துவிட்டது என்று, முப்பது பேர் முன்னால்? "தெரிஞ்ச பையன்" என்றேன். அது பொய்யும் இல்லை.

"என்ன வயசு?"

"சின்ன வயசு தாங்க."

"அட ஆண்டவனே. எப்படி?"

"விழுந்துட்டான்."

மேலே விழுந்தான் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். முன் இருக்கைப் பெரியவர் திரும்பி, "எந்த ஊருப்பா, எப்ப எடுக்குறாங்க?" என்றார். இன்னொருவர் எனக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டினார். அந்த அம்மா, வலங்கைமான் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு பிழைத்து வந்து பங்குனியில் பிணம் மாதிரி பாடையில் படுத்துப் பாடைக் காவடி எடுத்த தன் நாத்தனார் கதையைச் சொல்லி, "அவளுக்கு இருந்த கொடுப்பினை அந்தப் புள்ளைக்கு இல்லாமப் போச்சே" என்று கண்ணைத் துடைத்தார். என் ஆள் 211 தடவை பாடையில் படுத்து எழுந்தவன் அம்மா, இப்போதும் விளம்பரம் பார்த்தால் எழுந்துவிடுவான் என்று எப்படிச் சொல்வது? குனிந்தேன். மடியில் போன். திரை நடுவில் மஞ்சள் பெட்டி, பல்பு படம்.

ஈர்ப்பு திருப்ப தட்டு.

அப்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது பாருங்கள். அடக்க முடியவில்லை. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டேன், தோள் குலுங்குகிறது. "அழட்டும், அழுதாத்தான் ஆறும்" என்று அந்த அம்மா முதுகைத் தடவிக்கொடுத்தார். நீடாமங்கலம் ரயில்வே கேட் வரும் வரை தடவினார். கேட் மூடியிருந்தது, அதனால் அங்கேயும் தடவினார்.

வீட்டுக்கு வந்ததும் மருமகனிடம் சொன்னேன். வேகத்தடை, கத்தரிக்காய், இருபது ஃபிரேம், முதுகு தடவல், எல்லாம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கீழ இறங்குனதுக்கு அப்புறம் ஏன் மாமா தட்டுனீங்க?" என்கிறான்.

அதுகூடப் பரவாயில்லை. நடத்துநர் எனக்குத் தரவேண்டிய பாக்கி 13 ரூபாய். சில்லறை இல்லை, இறங்கும்போது வாங்கிக்கொள்ளுங்கள் என்று டிக்கெட் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிக் கொடுத்திருந்தார். மன்னார்குடியில் இறங்கும்போது அவரே படியோரம் நின்று, என் தோளைத் தொட்டு, "மனசத் தேத்திக்குங்க சார்" என்றார். துக்க வீட்டுக்காரன் 13 ரூபாயை எப்படிக் கேட்பது? தலையை ஆட்டிவிட்டு இறங்கிவிட்டேன். டிக்கெட் இதோ சட்டைப் பையில்தான் இருக்கிறது.