உருளைக்கிழங்கு மேயர் என்று சொல்லி முடித்துவிடாதீர்கள்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள டெட்ராய்ட் நகர மேயராக இருந்த ஹேசன் பிங்ரீயைப் பற்றி யார் எழுதினாலும் உருளைக்கிழங்கைத் தாண்டுவதே இல்லை. 1893 பொருளாதாரச் சரிவில் வேலை போனவர்களுக்கு, நகரில் சும்மா கிடந்த காலி மனைகளை உருளைக்கிழங்கு பயிரிடக் கொடுத்தார். அதற்குப் பணம் திரட்டத் தன் குதிரையையே ஏலத்தில் விட்டார். முதலில் கேலி செய்தார்கள். விளைச்சலைப் பார்த்ததும் மற்ற ஊர்களும் அதையே செய்தன. நல்ல கதைதான். ஆனால் அந்த மனுஷன் யாரைப் பகைத்துக்கொண்டார் என்பது இதில் வராது.

மெய்ன் மாநிலத்தில் 1840இல் பிறந்தவர். ஷூ தொழிற்சாலையில் தோல் வெட்டியவர், உள்நாட்டுப் போரில் கைதியானவர், பிறகு டெட்ராய்டில் பெரிய ஷூ கம்பெனி முதலாளி. 1889இல் குடியரசுக் கட்சிப் பணக்காரர்கள் 'நம்ம ஆளு' என்று நம்பித்தான் அவரை மேயர் தேர்தலில் நிறுத்தினார்கள். 1891இல் டிராம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, படையைக் கூப்பிடச் சொன்னார்கள். மாட்டேன் என்றுவிட்டார். ஒரு முதலாளி இப்படிச் செய்ததை அவருடைய வட்டாரத்தில் யாரும் மன்னிக்கவில்லை.

அப்புறம் டிராம் கட்டணம், கேஸ் விலை என்று ஒவ்வொரு கம்பெனியோடும் மல்லுக்கு நின்றார். தெருவிளக்குக்குத் தனியாரிடம் கையேந்த வேண்டாம் என்று, நகரத்துக்கே சொந்தமாக மின் நிலையம் கட்டவைத்தார். 1894இல் பள்ளி வாரியக் கூட்டத்துக்கே நேரில் போய், லஞ்சம் வாங்கியவர்கள் ராஜினாமா செய்யாவிட்டால் கைதுதான் என்றார். போலீசும் கூடவே வந்திருந்தது. அங்கேயே நாலு பேர் பிடிபட்டார்கள். சினிமாவில் வந்தால் ஓவர் என்போம்!

இதற்கெல்லாம் விலையும் கொடுத்தார். வங்கியில் இயக்குநர் பதவி போனது. தேவாலயத்தில் குடும்பத்துக்கென்று இருந்த இருக்கையும் போனது. ஆனால் ஓட்டு மட்டும் குறையவில்லை, நாலு முறை மேயர். கிராண்ட் சர்க்கஸ் பூங்காவில் உள்ள அவர் சிலையின் கல்வெட்டு, தனியார் பெருங்கம்பெனிகளின் ஆபத்தை மக்களுக்கு முதலில் எச்சரித்தவர் என்கிறது. உருளைக்கிழங்கு அதில் இல்லை.

அதற்காக அவரைக் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்லவில்லை. 1896இல் மிச்சிகன் ஆளுநராக ஜெயித்த பிறகும் மேயர் நாற்காலியை விடமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது என்று மாநில உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் இறங்கினார். தன்னை விட்டால் ஊருக்கு ஆளில்லை என்ற நினைப்பு அவருக்கும் வந்துவிட்டது. கம்பெனிக்காரர்களிடம் அவர் கேட்ட அதே கேள்வியை அங்கே அவரிடமும் கேட்டிருக்க வேண்டும்: ஊர்ச் சொத்து உங்கள் ஒருவர் கையில் மட்டும் ஏன் இருக்க வேண்டும்?